வல்லாரையும் பிரஷர் குளிசையும்

கண்டி,
புதன் இரவு

அன்புள்ள பத்மா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை என்று நீ ஜெயந்தியிடம் என்னைப் பற்றி முறையிட்டது காதுக்கு வந்துவிட்டது. சரி, திட்டு. ஆனால் இதை முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு. போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், இல்லாவிட்டால் வைத்துவிட்டு உன் தம்பி ரவியைக் கூப்பிட்டுக் கத்துவாய். அதனால்தான் வவுனியாவுக்கு முத்திரை ஒட்டி அனுப்புகிறேன்.

உங்க அம்மா பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்கிறார்.

போன ஞாயிறு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, சுளகு நிறைய வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாடி மகராசி, எல்லாம் உன் புண்ணியம். காலையில சாறு, மத்தியானம் சம்பல். குளிசை எல்லாம் பெட்டிக்குள்ள தூங்குது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பாவுக்காக வாங்கிய பிரஷர் மெஷின் பையில் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள் என்றேன். உங்க அம்மாவைப் பேசாமல் உட்காரவைப்பது எப்படி என்று உனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம்! கையை மேசையில் வைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி அளந்தேன். மேலே 182, கீழே 104. சாப்பாட்டுக்குப் பிறகு பொறுத்திருந்து மறுபடியும் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனாலும் சந்தோஷப்படும் அளவுக்கு இல்லை. "நீ வந்த சந்தோசத்துல ஏறியிருக்கும்" என்கிறார்.

இது ரவியின் திருவிளையாடல். எங்கள் ஆய்வுகூடத்துக்கு இலை கொண்டுவந்து தருவது அவன்தான், உனக்குத் தெரியும். ஒரு நாள் சாக்கை இறக்கிவிட்டு கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்தக் கோடு ஏன் இறங்குது?" என்றான். பிரஷரை ஏற்றுகிற ஒரு நொதியின் வேலை வல்லாரைச் சாற்றால் குறைகிறது என்றேன். "ஆனா..." என்று தொடங்குவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். மறுநாள் மேல் டிவிசன், கீழ் டிவிசன் எங்கும் ஒரே பேச்சு: கலா அக்கா மருந்து கண்டுபிடித்துவிட்டார். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பெருமையில் செய்தான். அதனால்தான் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அந்த "ஆனா"வுக்குப் பின்னால் வரவேண்டியதை உனக்காவது முழுதாகச் சொல்கிறேன். நீ கணக்கு டீச்சர், பொறுமையாகக் கேட்பாய்.

நம் உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் நீளமான வடிவத்தை ஒரு நொதி வெட்டிச் சின்னதாக்கும். அந்தச் சின்னதுதான் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றும். அந்த நொதியை ஒரு கத்தரி என்று வைத்துக்கொள். எனலாபிரில் போன்ற குளிசைகள் அந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். நாங்கள் செய்வது இதுதான்: முயலின் நுரையீரலிலிருந்து எடுத்த அந்த நொதி, ஐஸில் பொதிந்து ஒரு குட்டிப் போத்தலில் வரும். விலையைக் கேட்டால் உனக்கே பிரஷர் ஏறும். அதோடு வெட்டுவதற்கு ஒரு பொருளையும் இலைச் சாற்றையும் சேர்த்து 37 பாகையில் வைப்போம். வெட்டு நடந்தால் ஹிப்பூரிக் அமிலம் பிரியும். அது எவ்வளவு என்று 228 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். அமிலம் குறைந்தால் கத்தரி முடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வல்லாரையில் நன்றாகவே குறைந்தது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். வாய்த் துடுக்கு, உன்னைப் போல. "அக்கா, இதையும் போட்டுப் பார்ப்போமா?" என்று தன் கோப்பையிலிருந்த சாயத்தண்ணியில் கொஞ்சம் எடுத்தாள். சீனி போடாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணி. விளையாட்டுக்குத்தான் போட்டோம். கோடு வல்லாரைக்கு இறங்கியதைவிட இன்னும் கீழே போய்விட்டது!

யோசித்துப் பார், பத்மா. மலையகத்தில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை சாயத்தண்ணி குடிக்காத ஆள் யார்? அது குழாய்க்குள் செய்வதை உடம்புக்குள்ளும் செய்யுமானால், நம் லயத்தில் ஒருவருக்கும் பிரஷர் இருக்கக்கூடாது. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வரிசையை நீயும் பார்த்திருக்கிறாய்.

காரணம் நாங்கள் அறியாததல்ல. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். நொதியும் புரதம்தானே. கத்தரியின் வாயில் பொருந்தி அடைப்பது வேறு, மேலெல்லாம் பிசின் பூசி முடக்குவது வேறு. அந்தத் துவர்ப்பைப் பிடித்திழுக்கிற ஒரு தூள் இருக்கிறது. அதில் வல்லாரைச் சாற்றைக் கலந்து வடித்துவிட்டுத் திரும்பப் போட்டோம். கோடு முக்கால்வாசி ஏறிவிட்டது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இன்னும் இதில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது வயிற்றைத் தாண்டி, ஈரலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறதா, போனாலும் போதிய அளவில் போகிறதா என்பதை இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு எலி வேண்டும், பிறகு மனிதர்கள் வேண்டும், இலை என்று சொல்லி வெறும் தூள் கொடுக்கும் இன்னொரு கூட்டமும் வேண்டும். முதலில் அளக்கும்போது உச்சத்தில் இருக்கிற பிரஷர், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அடுத்த தடவை கொஞ்சம் இறங்கித்தான் காட்டும். கணக்கு டீச்சருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இலையை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. சர்ப்பகந்தா இருக்கிறதே, சிங்களத்தில் ஏகவேரிய என்பார்கள், அதன் வேரைக் கொடுத்துப் பிரஷர் இறங்குவதை 1949ல் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற டொக்டர் எழுதிக் காட்டினார். 1952ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுக்கக் கொடுத்தார்கள். பிரஷர் இறங்கியது, சிலருக்கு மனமும் சேர்ந்து இறங்கிவிட்டது. இப்போது அதை யாரும் முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை. வேலை செய்கிற இலை என்றால் அளவும் பக்கவிளைவும் கூடவே வரும். "இலைதானே, ஒன்றும் செய்யாது" என்றும் "இலை எல்லாவற்றையும் குணப்படுத்தும்" என்றும் ஒரே வாயால் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல்.

இதில் இலை வைத்தியம் பார்க்கும் சடையாயி பாட்டிதான் எங்களைவிடத் தெளிவு. வல்லாரை எங்கே பறிப்பது என்று காட்டியது அவர்தான். மலையில் தண்ணீர் வடியும் கான் ஓரமெல்லாம் பச்சைப் பசேல் என்று படர்ந்திருக்கிறதே என்றேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அது மருந்தடிச்ச மலை. புல்லு சாவுற தண்ணி எங்க ஓடும்? கானுலதான." தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே, யாரும் அடிக்காத இடத்தில் பறித்துத் தந்தார். பக்கத்திலேயே வல்லாரை மாதிரி இன்னொரு கொடி இருந்தது. தண்டைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு எறிந்தார். நாங்கள் அதே இலையைக் காயவைத்து அழுத்தி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்போடு ஒப்பிட்டுத்தான் அவர் சொன்னது சரி என்று எழுதிக்கொண்டோம். பிரஷருக்கு என்ன கொடுப்பீர்கள் பாட்டி என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே கிளினிக் கொப்பி, நான்காக மடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. "கால் நோவுக்கு என் இலை. பிரஷருக்கு கவுருமெண்டு குளிசை." இதையும் உங்க அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சடையாயிக்கு என்ன தெரியும்" என்றுவிட்டார்.

கால் நோவு என்றதும்தான் அடுத்த விஷயம் வருகிறது. இதுதான் எனக்கு வல்லாரையைவிடப் பெரிய கவலை.

வீக்கத்துக்கும் இலைகளைச் சோதிக்கிறோம். மாத்தளைப் பக்கம் வேலியில் நிற்கும் நொச்சி, முடக்கொத்தான், இவற்றை. இதில் மலிவான ஒரு சோதனை உண்டு: முட்டை வெள்ளைக்கருவில் சாற்றைக் கலந்து சூடாக்கி, கலங்காமல் இருந்தால் வீக்கத்தைக் குறைக்கும் என்று எழுதிவிடுவது. செலவு ஒரு முட்டை, கிடைப்பது ஒரு கட்டுரை. எனக்கு அதில் துளியும் மதிப்பில்லை. நொச்சியைப் பற்றி ஒழுங்கான வேலையும் நடந்திருக்கிறது. 2003ல் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முற்றிய இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, கரஜீனன் ஊசியால் வீங்கவைத்த பாதத்தின் வீக்கம் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். நொச்சி ஒத்தடத்தில் முழங்கால் நோவு தணிகிறது என்று பாட்டி சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் உங்க அம்மா நொச்சி ஒத்தடமா கொடுக்கிறார்? கொழுந்துக் கூடையை முப்பது வருஷத்துக்கு மேல் தலையில் தூக்கிய கழுத்தும் முழங்காலும் அல்லவா. கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பா வைத்திருக்கிறார். டவுனில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவர் விற்கும் வாதத் தூளாம். "போட்டு அரை மணித்தியாலத்துல நோவு பறந்துரும்" என்கிறார். இலை அரை மணித்தியாலத்தில் அப்படிப் பறக்கவைக்காது, பத்மா. இந்த மாதிரிப் பெயரில்லாத தூள்களில் ஸ்டீரோய்டோ டைக்குளோபினாக் என்ற நோவு மருந்தோ கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டுமே பிரஷரை ஏற்றும். டைக்குளோபினாக் இன்னும் ஒருபடி மேலே போய், லொசாட்டன் போன்ற பிரஷர் குளிசைகளின் வேலையையும் கெடுத்து, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இந்தத் தூளில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு கரண்டி எடுத்து வந்திருக்கிறேன், பார்ப்போம். ஆனால் முகம் கொஞ்சம் உப்பியிருப்பதாக எனக்குப் பட்டது. ரவியின் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். ஒன்று கவனி: நாளாக ஸ்டீரோய்ட் எடுத்தவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டப்பாவோடேயே டொக்டரிடம் போகட்டும்.

இதற்கு மேல் இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் வேறு. நாள்தோறும், போத்தலில் ஊற்றி வைத்து! அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றும். இது நன்றாக நிரூபணமான விஷயம். பிரஷரை இறக்குகிற இலையை நான் தேடி அலைய, பிரஷரை ஏற்றுகிற வேர் உங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கிறது. சம்பலில் அவர் போடுகிற உப்பையும் மாசிக் கருவாட்டையும் பற்றி எழுதினால் இன்னொரு தாள் வேண்டும்.

கோபம் அவர்மேல் இல்லை. கிளினிக்குக்கு ஒரு நாள் போனால் கூடப் போகிற மருமகளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. விடியற்காலை பஸ் பிடித்து, மத்தியானம் வரை காத்திருந்து, "இந்தக் குளிசை இல்லை, வெளியே வாங்குங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுத்தால் யாருக்குத்தான் அலுக்காது? 2022ல் மருந்துத் தட்டுப்பாட்டில் அப்படித்தானே எல்லோரும் அலைந்தோம். வாசலுக்கு மேலே சும்மா முளைக்கிற இலை போதும் என்று, அதுவும் தூக்கி வளர்த்த பிள்ளையே சொன்னதாகக் கேள்விப்பட்டால், நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஆனால் உங்க அப்பா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விழுந்த காலையை நான் மறக்கவில்லை. நீயும் நானும் ஓ.எல். வகுப்புக்குக் கிளம்பி நின்றோம். கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாரிசவாதம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அவருக்குப் பிரஷர் இருந்ததே யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இருப்பது தெரியும், குளிசையும் பெட்டிக்குள் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கோயிலுக்குக் கிளம்புமுன் போன் எடு. கத்தாதே. இலையை விடு என்று சொல்லாதே. சொன்னால் குளிசையையும் சேர்த்து மறுத்துவிடுவார். வல்லாரைச் சம்பல் உப்புக் குறைத்துச் சாப்பிடட்டும், அது நல்ல கீரை. குளிசையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்பதைக் கிளினிக் டொக்டர் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேண்டாம். செவ்வாய் கிளினிக். நான் லீவு போட்டிருக்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், மருமகளுக்குப் பேர் போகாது. கஷாயப் போத்தலை ஒளித்து வைக்க ரவியின் மனைவி ஒத்துக்கொண்டாள். நீ சொன்னதாகத்தான் சொல்வாளாம்.

பணம் அனுப்புவதானால் மேல் கையில் கட்டுகிற பிரஷர் மெஷின் ஒன்று வாங்க அனுப்பு, மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ரவிக்கு அளக்கவும் கொப்பியில் எழுதவும் நான் பழக்குகிறேன். கோடு பார்க்க அவ்வளவு ஆசை இருக்கிறதே, தன் அம்மாவின் கோட்டைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கலா

பி.கு. ஜெயந்தி உன் மஞ்சள் சாரியைத் திருப்பித் தரப்போவதில்லை. நான் மூன்றாம் தடவை கேட்கமாட்டேன், நீயே கேட்டுக்கொள்.