முள்ளியவளையிலிருந்து ஒரு மறுமொழி

அன்பின் நண்பருக்கு,

நீர் தங்கச்சி என்றழைக்கும் என் மனைவியைச் சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டுபோகும்படியும் செலவை நீர் பார்த்துக்கொள்வதாகவும் எழுதிய கடிதம் கிடைத்தது. மறுமொழி இரண்டு கிழமை பிந்தியதற்கு, நாங்கள் இருவரும் பேசி முடிக்காமல் இருந்ததுதான் காரணம்.

சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது வயிற்றறை எங்கும் பரவியிருந்தது உமக்குத் தெரியும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு தடவை, பிளாட்டினம் கலந்த கார்போபிளாட்டின், அதோடு பக்லிட்டாக்செல் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஏற்றினார்கள். கடைசி மருந்து ஏற்றி நான்காம் மாதமே வயிற்றில் மறுபடியும் நீர் கட்டத் தொடங்கிவிட்டது. ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால் அதே பிளாட்டினம் மருந்து கேட்பது அரிது என்றும், எஞ்சிய மருந்துகளில் ஒன்றைத் தனியே ஏற்றினால் பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் கட்டி சுருங்கும் என்றும் வைத்தியர் மறைக்காமல் சொன்னார். சென்னைக்குப் போனாலும் பெரும்பாலும் இந்த மருந்துகளில் ஒன்றுதான்.

கிழமைதோறும் பக்லிட்டாக்செல், அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை லிப்போசோமல் டொக்சோரூபிசின், அல்லது மருந்தேற்றாமல் நீரை எடுத்து நோவை மட்டும் அடக்கிக்கொண்டு வீட்டில் இருப்பது: இவைதான் எங்கள் முன் இருந்தவை. நான் கிழமை மருந்தின் பக்கம் நின்றேன். அடிக்கடி ஏற்றினால் நோய் கூடுதலாகப் பயப்படும் என்ற பாமரக் கணக்கைத் தவிர என்னிடம் வேறு நியாயம் இருக்கவில்லை.

தங்கச்சி கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் கைவிறைப்பு எந்த மருந்தால வந்தது?" பக்லிட்டாக்செலால்தான். மாலை கட்டும்போது நூல் விரலிடையே இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதை இப்போது குனிந்து பார்த்துத்தான் அறிகிறார். சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிடுகிறேன். அதோடு, கிழமைக்கொருமுறை இருட்டோடு புறப்பட்டுப் பரந்தன் வந்து, ஏ9 வீதியால் தெல்லிப்பழைக்குப் போய்த் திரும்பினால், களைப்பாறும் நாட்களைக் கழித்து மிஞ்சுவது எத்தனை என்று அவரே விரல் மடித்து எண்ணிக் காட்டினார். அந்தக் கணக்கை நான் போட்டே பார்த்திருக்கவில்லை.

ஆகவே, நான்கு கிழமை மருந்தை இரண்டு தடவை ஏற்றுவது, பிறகு ஸ்கான் எடுத்து, கேட்கவில்லையென்றால் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். இந்த மருந்துக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியக்கூடுமாம். சூடு படக்கூடாது என்றார்கள். "அப்ப அடுப்படி இனி உங்களுக்குத்தான்" என்று சிரித்தார். என் சொதியைப் பற்றி நீர் ஒன்றும் கேட்காதிரும்.

நோவுக்கு மோர்பின் தரலாம் என்றதும் அது கடைசி நாளுக்குரிய மருந்து என்று எண்ணி நான் மறுத்தேன். அது என் பிழை. மிகச் சிறிய அளவில் தொடங்கி, மலச்சிக்கல் வராதிருக்க இன்னொரு மருந்தும் சேர்த்துத் தந்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு அன்றிரவுதான் அவர் விடியும்வரை உறங்கினார், நானும்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. கடலில் தீர்த்தமெடுத்து வந்து, இங்கே காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைப் பார்க்கவேண்டும் என்கிறார். சென்னைக் காசைப் பற்றிச் சொன்னபோது, "அதுக்கு அண்ணையை டிக்கெட் எடுத்து இஞ்ச வரச் சொல்லுங்கோ" என்றார். பின் அறையை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்