மாமனார் ஏன் மனம் மாறுகிறார்?

அன்புள்ள தம்பிக்கு,

வேறு வேறு மொழி பேசும் இரண்டு குடும்பங்களை வைத்து நீ எழுதிய காதல் காமெடி ஸ்கிரிப்டை இரண்டு முறை வாசித்தேன். வசனம் உனக்கு நன்றாக வருகிறது. ஆனால் கதை போகிற வழி 12ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் காதல் காமெடிக்கு ஜனங்கள் வருகிறார்கள், அதில் தப்பில்லை. எப்படிச் சேர்வார்கள் என்பதும் முன்பே தெரிந்துவிட்டால் இரண்டு மணி நேரம் எதற்காக உட்கார வேண்டும்?

ஒன்று செய்து பார். இரண்டு குடும்பங்களின் பெயரையும் மொழியையும் ஊரையும் அடித்துவிட்டு, வேறு இரண்டைப் போட்டு மறுபடி வாசி. எந்த சீன் நிற்காமல் சரிகிறதோ, அதில்தான் உண்மையான கலாச்சாரம் இருக்கிறது. உன் 68 சீன்களில் சரிந்தவை இரண்டே இரண்டு. காரம் தாங்காமல் தண்ணீர் குடிப்பது, தப்பான வார்த்தை சொல்லி மாட்டிக்கொள்வது, கல்யாண வீட்டில் தெரியாத நடனத்தை ஆடுவது எல்லாம் யாருக்கும் பொருந்துகிற சட்டை.

பாலசந்தர் 1978இல் தெலுங்கில் எடுத்த 'மரோ சரித்ரா'வை 1981இல் இந்தியில் 'ஏக் துஜே கே லியே' என்று எடுத்தார். நாயகனுக்கு இந்தி வராது. லிஃப்ட்டுக்குள் நடக்கும் பாட்டில் இந்திப் படங்களின் பெயர்களையே கோத்துக் காதலைச் சொல்லிவிடுகிறான். சோகத்தில் முடிகிற படம்தான், ஆனாலும் அந்த இடத்தில் சிரிக்கிறோம். கையில் இருக்கிற பத்து வார்த்தையை வைத்து அவன் செய்கிற வித்தை அது. உன் நாயகன் மொழி தெரியாமல் அசடு வழிகிறான், அதோடு நின்றுவிடுகிறான். எந்தப் பாத்திரத்துக்கு எந்த மொழியில் எவ்வளவு தெரியும் என்று ஒரு தாளில் எழுதி வை. இப்போது 40ஆம் பக்கத்தில் ஒரு வார்த்தை புரியாத அம்மா, 55இல் அதே மொழியில் அறிவுரை சொல்கிறாள்.

சப்டைட்டிலையும் இப்போதே யோசி. இரண்டு வரி ஒன்றாக வந்தால், நடிகர் பேசி முடிப்பதற்குள் தியேட்டர் படித்துச் சிரித்துவிடும். சிரிப்பு விழும் சொல்லைத் தனி வசனமாக வெட்டு, அது தனி சப்டைட்டிலாக வரும்.

இனி யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார். நாயகி உடை, பேச்சு, வேலை, ஊர் என்று ஏழு விஷயங்களில் மாறுகிறாள். நாயகன் வீட்டில் அப்பா ஒரே ஒரு தடவை சிரிக்கிறார். அவள் வீட்டுக்குள் கேமரா போகும்போதெல்லாம் வைட் ஷாட், மேளம், கூட்டம். அவன் வீடு சாதாரண வீடு. ஒரு வீட்டை இயல்பாகவும் இன்னொன்றைப் பொருட்காட்சியாகவும் காட்டினால், பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது அவமானமாகப் படும். எனக்குக் கோபமே வந்தது. 'இது எங்க வழக்கம்' என்று விளக்குவதற்காகவே வருகிற நண்பனையும் எடுத்துவிடு.

பெரிய ஓட்டை மாமனார், அதாவது நாயகியின் அப்பா. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 90 நிமிடம் எதிர்க்கிறார், கிளைமாக்ஸில் நாயகன் நான்கு நிமிடம் பேசியதும் கண் கலங்கி ஒப்புக்கொள்கிறார். அவர் எதற்கு எதிர்க்கிறார் என்று நீ எழுதவே இல்லை. 'வேற ஆளுங்க' என்பது காரணம் ஆகாது. பேரப்பிள்ளை நாளைக்குத் தன்னோடு தன் மொழியில் பேசாமல் போய்விடுமோ என்ற பயத்தை அவருக்குக் கொடு. அந்தப் பயத்துக்கு மைக் பிடித்துப் பேசுவது மருந்தாகாது. இன்டர்வெலுக்கு முன்பே, மொழி தெரியாத அந்தப் பையன் பாட்டியோடு ஒரு மணி நேரம் சீட்டாடித் தோற்பதை அவர் வாசலில் நின்று பார்க்கட்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். அப்புறம் கிளைமாக்ஸுக்கு இரண்டு வரி போதும்.

75ஆம் பக்கத்துப் பிரிவும் ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடுகிற பிரிவு. அதை அப்புறம் பார்க்கலாம், பயம் சரியாக அமைந்தால் பிரிவு அதிலிருந்தே வரும். முதலில் 45 முதல் 60 வரையுள்ள பக்கங்களை மட்டும் எழுதி அனுப்பு. அதுவரை கிளைமாக்ஸைத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்