மேட்டூரில் எத்தனை அடி என்பது தெரியும், கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு?

காவிரி டெல்டாவில் பாசன நீரைப் பிரித்து விடும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், தலைஞாயிறு பக்கம் நெல் போடுகிறவன். மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று எங்கள் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். சரி, அந்தத் தண்ணீர் எங்கள் மதகுக்கு எந்தத் தேதியில் வரும்? அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இங்கே நிலத்தடி நீர் உப்பு. மேலே தஞ்சாவூர் பக்கம் மாதிரி மோட்டாரைப் போட்டு நாற்று விட முடியாது. ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு மழை விழுந்தால் முளை ஊசி ஊசியாகக் கிளம்பிவிடும். அப்புறம் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் கருகும். மறுபடி உழவு, மறுபடி விதைச் செலவு. பயந்துபோய் தள்ளி விதைத்தால் ஐப்பசி அடைமழையில் இளம்பயிர் மூழ்கும். 155 நாளுக்கு மேல் ஓடும் சி.ஆர். 1009 நெல் ரகம் போடுவதா, 135 நாள் ஏ.டி.டி. 46 ரகம் போடுவதா என்பதையே அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12 அன்று வழக்கப்படி அணை திறந்தது. கர்நாடகத்திலிருந்து வரவேண்டியது வரவில்லை. அக்டோபர் 10 அன்று மூட வேண்டியதாயிற்று. எல்லையில் கர்நாடகத் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் என்ன வருகிறது என்பது உங்கள் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னாலும் மழை பொய்த்த ஆண்டில் அதற்குப் பஞ்சாயத்துதான். ஆனால் அணை இறங்குவது நாளுக்கு நாள் தெரிகிறது. இருக்கிற தண்ணீர் எந்த வாரம் வரை தாங்கும் என்ற கணக்கை ஆடியிலேயே சொன்னால், கொஞ்ச நிலத்தைத் தரிசாகப் போட்டாவது கடனைக் குறைத்துக்கொள்வோம். கெட்ட சேதியானாலும் முன்னாலேயே வரட்டும்.

ஆறுகளுக்கு மாற்றி மாற்றி முறை வைத்துத் தண்ணீர் விடும்போதும் இதே கதைதான். கல்லணையில் காவிரிக்கு எத்தனை நாள், வெண்ணாற்றுக்கு எத்தனை நாள் என்று மாறும் தேதி, மதகு பார்க்கும் லஸ்கர் வாய்வழியாக எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி முறை ஓடிவிடுகிறது.

தூர் வாருவது பற்றி ஒரே வரி: மே மாதத்துக்குள் முடியுங்கள், வாரிய மண்ணைக் கரை ஓரத்திலேயே குவிக்காதீர்கள், முதல் மழைக்கே திரும்ப உள்ளே இறங்கிவிடும்.

கேட்பது பெரிய செலவில்லை. மேட்டூர் நிலவரத்தை வெளியிடும் அதே தாளில், கடைமடையில் தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் இயக்கணைகளில் நிற்கும் நீர்மட்டத்தையும் ஆற்றுவாரியான முறைத் தேதிகளையும் தினமும் போடுங்கள். முதல் பட்டியல் ஆடி பிறக்குமுன் வந்தால், அதைப் பார்த்துவிட்டு விதை வாங்கப் போவோம்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி