மல்லாந்து படுக்கச் சொல்லும் சிபாப் நிறுவனத்துக்கு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் கம்ப்யூட்டரில் ‘ராணிப்பேட்டை, ஏஜென்ட் இல்லை’ என்று பதிவாகியிருக்கும் வாடிக்கையாளர்,
வாலாஜாபேட்டை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: சிபாப் மெஷினோடு (தூங்கும்போது தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின்) என் முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க் கொடுத்தது, மாற்றித் தர மறுப்பது, அலையவிட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து செய்து அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுக்கிறார், முதலிலிருந்து கதை கேட்கிறார், டிக்கெட் நம்பர் கொடுக்கிறார். இரண்டு நாள் கழித்து ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் கொடுங்கள்’ என்று மெசேஜ் வருகிறது. தீர்த்தது யார், எதைத் தீர்த்தார் என்றுதான் தெரியவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்?

வேலூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைக் கணக்கெடுக்கும் பரிசோதனை, செய்தார்கள். தூக்கத்தில் மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று ரிப்போர்ட் வந்தது. 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே ரிப்போர்ட்டில் கீழே இன்னொரு வரி இருக்கிறது. உங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதைப் படித்ததாகத் தெரியவில்லை. மல்லாந்து படுத்திருந்த நேரத்தில் மணிக்கு 56, ஒருக்களித்துப் படுத்திருந்த நேரத்தில் 21. மல்லாந்தால் நாக்கும் அண்ணத்துச் சதையும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். “மெஷினையும் போடுங்க, ஒருக்களிச்சும் படுங்க, ரெண்டும் வேணும்” என்றார். மாஸ்க் என்ற இடத்தில் ‘மூக்கு மாஸ்க், மீடியம்’ என்று எழுதியிருக்கிறார். நகல் இணைத்திருக்கிறேன்.

உங்கள் வேலூர் டீலர் கடையில் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். அதுவும் லார்ஜ். கேட்டதற்கு, “இதான் சார் இப்ப ஸ்டாக்குல இருக்குது. செட் ஆகலன்னா ஒரு மாசத்துக்குள்ள மாத்திக்கலாம்” என்றான் அங்கிருந்த பையன். அவனை நான் குறை சொல்லமாட்டேன். மரியாதையாகப் பேசினான், டீகூட வாங்கிக் கொடுத்தான். மெஷின், மாஸ்க், டியூப் எல்லாம் சேர்த்து அரை லட்சத்துக்கு மேல் பில். கடன் வாங்கிக் கட்டிய பணம்.

ஒருக்களித்துப் படுத்தால் என்ன ஆகிறது தெரியுமா? தலையணை மாஸ்க்கின் ஓரத்தைத் தள்ளுகிறது. அந்தப் பக்கத்து ரப்பர் மடிந்து, எதிர்ப்பக்கம் மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே சந்து விழுகிறது. அந்தச் சந்து வழியாகக் காற்று நேராக மேல் கண்ணுக்குள் அடிக்கிறது. ராத்திரி முழுக்கப் பாம்பு சீறுவது மாதிரி சத்தம். என் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். காலையில் மெஷின் திரையில் அந்தச் சிவப்பு மூஞ்சிப் படம், உங்களுக்குத் தெரிந்ததுதானே, மாஸ்க் சரியில்லை என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். சிவந்த கண்ணோடு போய் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பொட்டுச் சாராயம் தொடாதவன் நான்.

போனில் முதலில் சொன்ன வைத்தியம், ஸ்ட்ராப்பை இறுக்குங்கள் என்பது. இறுக்கினேன். மூக்குத் தண்டில் தோல் உரிந்து புண் ஆனது, லீக் இன்னும் அதிகமானது. ஸ்லீப் லேபில் இருக்கும் அம்மாவிடம் காட்டியபோது தலையில் அடித்துக்கொண்டார். இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கித் தூக்கிக்கொள்ளுமாம். படுத்தபடி, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்ட்ராப்பைத் திருத்த வேண்டுமாம். மெஷினை விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அடுத்து டியூபில் தண்ணீர். ஹியூமிடிஃபையரிலிருந்து, அதாவது காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து, வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் படும்போது தண்ணீராகக் கோத்துக்கொள்கிறது. நடு ராத்திரியில் களக் களக் என்று சத்தம் போட்டு மூக்கில் சொட்டுகிறது. “ஏசியை ஆஃப் பண்ணிட்டுப் படுங்க சார்” என்றார் ஒரு பெண். அம்மா, நீங்கள் எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள்? எங்கள் பக்கத்து மே மாதத்தை ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை சுடும். சூடாகும் டியூப் இந்த மாடலுக்கு உண்டு என்று உங்கள் புத்தகத்திலேயே படத்தோடு போட்டிருக்கிறது. அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம், “சார், மல்லாந்து படுத்தா லீக்கே ஆகாது” என்பதுதான். அதையும் செய்து பார்த்தேன். லீக் குறைந்தது உண்மை. ஆனால் காற்றின் பிரஷரைத் தேவைக்குத் தக்கபடி தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ மெஷின் அல்லவா? ஒருக்களித்தால் 8, 9-ல் நிற்கிற பிரஷர், மல்லாந்தால் 13, 14 என்று ஏறுகிறது. வயிற்றுக்குள் காற்றுப் புகுந்து காலையில் ஏப்பமாக வருகிறது. நோய்க்கு எது ஆகாதோ அதையே மருந்தாகச் சொல்கிற நிறுவனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

சரி, ஆளை அனுப்புங்கள் என்று கேட்டேன். அங்கேதான் மாவட்டப் பிரச்சினை வந்தது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்தில் வந்தது. எல்லாம் ஒரே வட ஆற்காடாக இருந்த காலத்தில் பிறந்தவன் நான். எல்லைக் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டார்கள், என் வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பில் போட்டது வேலூரில், பணம் வாங்கியது வேலூரில். ஆனால் உங்கள் வேலூர் டெக்னீசியன் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வரமாட்டாராம். ‘அந்த ஏரியா எங்களுக்கு இல்ல சார்.’ ராணிப்பேட்டைக்கு யார் என்று கேட்டால் ஆளே போடவில்லையாம். அப்போது நான் யாருடைய வாடிக்கையாளர்?

மெஷினோடு சென்னை அலுவலகத்துக்கு வரச் சொன்னது நீங்கள்தான். அந்தப் பயணத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். லீவு போட்டு, தொட்டித் தண்ணீரைக் கவனமாகக் கொட்டித் துடைத்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். தென்னிந்தியாவில் முதன்முதலாக ஓடிய பயணிகள் ரயில், 1856-ல், ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்தது. அந்தக் காலத்திலேயே ரயில் வந்து சேர்ந்த ஊருக்கு உங்கள் டெக்னீசியனால் இன்றைக்கும் வர முடியவில்லை.

உங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அப்புறம் ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை, அடையாள அட்டையையும் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டிருந்தார். ஒரு கையில் போனைக் காதில் வைத்தபடியே, இன்னொரு கையால் மாஸ்க்கை என் முகத்தில் மாட்டினார். ஸ்ட்ராப்பில் சிக்கி என் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனியக்கூட இல்லை, நானே தடவி எடுத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து மெஷினைப் போட்டார். காற்று வந்தது. “ஓகே சார், மெஷின் பக்காவா இருக்குது” என்றார். ஐயா, நான் நாற்காலியில் தூங்குவதில்லை! படுத்தால்தானே லீக் ஆகிறது, அந்த சோபாவில் கொஞ்சம் ஒருக்களித்துக் காட்டட்டுமா என்று பணிவாகத்தான் கேட்டேன். “இது லாட்ஜ் இல்ல சார்” என்றார். பக்கத்தில் தன் தாயாரோடு வந்திருந்த ஒரு பெண் சிரித்துவிட்டு, பாவம், உடனே வாயை மூடிக்கொண்டார்.

அதோடு விட்டாரா? “மீசையை எடுத்துடுங்க, அதான் லீக்” என்றார். மீசையால் லீக் வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்குத்தான் மூக்குத் துளையில் மட்டும் பொருந்துகிற பில்லோ வகை மாஸ்க் நீங்களே விற்கிறீர்கள். தலை உச்சியில் டியூப் மாட்டுகிற வகையும், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு என்றே, விற்கிறீர்கள். இரண்டும் அவர் முதுகுக்குப் பின்னாலேயே கண்ணாடி அலமாரியில் இருந்தன. அதைக் காட்டிக் கேட்டபோதுதான் அந்த வார்த்தை வந்தது: “மெஷினும் நல்லா இருக்குது, மாஸ்க்கும் நல்லா இருக்குது. உங்க மூஞ்சிதான் சார் செட் ஆகல.”

காசு கொடுத்து வாங்கியவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பேத்தி எடுத்தவன். என் முகத்தை இத்தனை வருடத்தில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது அரக்கோணம் தாண்டும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அவர் யார் என்று உங்கள் கேமராவில் பாருங்கள். எழுத்தில் மன்னிப்பு வேண்டும்.

வேலூர் பையன் சொன்ன ஒரு மாதக் கணக்குக்கு வருகிறேன், முன்பே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று. மாஸ்க்கை வாங்கிய வாரமே நான் போன் செய்துவிட்டேன். ‘கம்பெனியில கேக்கறோம்’ என்று டீலரும், ‘டீலர்கிட்ட கேளுங்க’ என்று நீங்களும் மாற்றி மாற்றிச் சொல்லி அந்த மாதத்தை ஓட்டிவிட்டு, இப்போது ‘உறை பிரித்த மாஸ்க், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க முடியாது’ என்று ஈமெயில் அனுப்புகிறீர்கள். உறையைப் பிரிக்காமல் முகத்தில் எப்படி மாட்டுவது என்றும் அந்த ஈமெயிலிலேயே எழுதியிருக்கலாம்.

இப்போது நான் எப்படித் தூங்குகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் மனைவி ஓர் இலவம்பஞ்சுத் தலையணையின் ஓரத் தையலைப் பிரித்து, மாஸ்க் உட்காரும் அளவுக்குப் பஞ்சை எடுத்துவிட்டு, பள்ளம் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். டியூபைப் பழைய வேட்டிக் கிழிசலால் கொசுவலைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். மேலிருந்து வருவதால் புரண்டு படுத்தாலும் மாஸ்க்கை இழுப்பதில்லை. தூக்கத்தில் மல்லாந்துவிடாமல் இருக்க முதுகுப் பக்கம் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். இதனால் பாதி ராத்திரியாவது ஓடுகிறது. இதையெல்லாம் ஒரு தையல் மெஷினும் கொசுவலையும் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மீதிப் பாதியில் அந்த லார்ஜ் மாஸ்க் நழுவி, பழையபடி கண்ணில் காற்று.

இதனால் எனக்கு ஆன நஷ்டம் கொஞ்சமல்ல. முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி கண் சொருகிவிட்டது. இந்த வருட சம்பள உயர்வு அதோடு போயிற்று. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தினமும் ஆட்டோ. பிபி மாத்திரை கூடிவிட்டது. என் ஆயுளில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் சொல்வேன். இதற்கெல்லாம் கணக்குப் போட்டால் உங்கள் மெஷினைப் போல நாலு மெஷின் வாங்கலாம்.

சண்டை போட எனக்கு ஆசை இல்லை. மெஷின் நல்ல மெஷின். மாஸ்க் சரியாக உட்கார்ந்த ராத்திரிகளில் நான் தூங்கிய தூக்கம் பல வருடமாகக் காணாதது, அதை மறைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல். தயவுசெய்து ஒரு டெக்னீசியனை என் வீட்டுக்கு அனுப்புங்கள். மூக்கு மாஸ்க் மீடியம், பில்லோ வகை, தலை உச்சியில் டியூப் மாட்டும் வகை மூன்றையும் அவர் கொண்டுவரட்டும். நான் என் கட்டிலில், என் தலையணையில் ஒருக்களித்துப் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது மாட்டிப் பார்த்து, பொருந்துவதைக் கொடுத்துவிட்டு லார்ஜை எடுத்துப் போகட்டும். கூடுதல் காசு தரமாட்டேன். சூடாகும் டியூபுக்கு உரிய விலையைத் தருகிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாளில் இது நடக்காவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் சென்னைக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அப்போது ‘ராணிப்பேட்டை எங்கள் ஏரியா இல்லை’ என்று நீதிபதியிடம் சொல்லிப் பாருங்கள். வக்கீலே வேண்டாம், இந்தக் கடிதத்தையும் அந்த மூக்குப் புண்ணின் போட்டோவையும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வாலாஜாபேட்டை.

இணைப்பு: பில், டாக்டர் சீட்டு, ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட், உங்கள் ஈமெயில் ஆகியவற்றின் நகல்கள், மூக்குப் புண் போட்டோ.

பி.கு.: டெக்னீசியன் வேலை நாளில் வருவதானால் மாலை ஏழு மணிக்கு மேல் வரச் சொல்லவும். சென்னையில் என்னைப் பார்த்த அந்த நபராக இருக்கக் கூடாது. மீசையை எடுப்பதாக இல்லை, அதற்குத் தகுந்த மாஸ்க்காகக் கொண்டுவரவும்.