ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதே பகுதியில் ஒரு வாசகர், பெயின்ட் வாளியைக் கவிழ்த்துவிட்டு அதை நவீன ஓவியம் என்கிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியே வேண்டாம் போலிருக்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினாறு வயது. ஓராண்டாக அந்த வாளியைத்தான் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் இந்தக் கடிதம்.

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 வாக்கில் கேன்வாஸைத் தரையில் விரித்து, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டைக் குச்சியிலிருந்து ஒழுகவிட ஆரம்பித்தார். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கும் 'ப்பூ, இவ்வளவுதானா' என்றுதான் தோன்றியது. ஒரு பெரிய அட்டையை விரித்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் கலந்து குச்சியில் எடுத்து ஓட்டினேன். கோடே வரவில்லை. தண்ணீர் குறைந்தால் கட்டி கட்டியாக விழுகிறது, கூடினால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறது. பதம் சரியாக இருந்தாலும் கை மெதுவாகப் போனால் பெயின்ட் தானே சுருண்டு சுருண்டு விழுகிறது. கொஞ்சம் வேகமாக இழுத்தால்தான் நேராக நீளும். குச்சியை முழங்கால் உயரத்தில் பிடித்தால் ஒரு கோடு, இடுப்பு உயரத்தில் பிடித்தால் வேறு கோடு. ஒரு மாதம் கழித்து, நினைத்த இடத்தில் நினைத்த தடிமனில் ஒரு முழத்துக்கு ஒரு கோடு விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுல எதைடி பார்க்கணும்?" என்றாள்.

அடுத்து இன்னொரு அமெரிக்க ஓவியர், ஹெலன் ஃபிராங்கென்தாலர். 1952இல் 'மலைகளும் கடலும்' வரைந்தபோது அவருக்கு 23 வயதுதான். பூச்சு எதுவும் இல்லாத வெறும் கேன்வாஸில், டர்பன்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணத்தைத் துணிக்குள் ஊறவிட்டார். நான் அதையே அக்ரிலிக்கில் செய்யப்போய், ரெடிமேட் கேன்வாஸில் தண்ணீராய்க் கரைத்து ஊற்றினேன். ஊறவே இல்லை. குட்டையாகத் தேங்கி, ஓரத்தில் கறை வளையத்தோடு காய்ந்தது. மறுநாள் விரலால் தேய்த்தால் நிறம் பொடியாக ஒட்டிக்கொண்டு வருகிறது! கடையில் கிடைக்கும் கேன்வாஸுக்கு ஏற்கெனவே ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு அடித்திருப்பார்கள், அது துணி உறிஞ்சாமல் தடுக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீரை அளவுக்கு மீறிச் சேர்த்தால் நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை நீர்த்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெறும் பருத்தித் துணியை முதலில் நனைத்து, தண்ணீரோடு கொஞ்சம் அக்ரிலிக் மீடியமும் (நிறம் சேர்க்காத அதே பசை) கலந்து ஊற்றியபோது நிறம் மெல்லப் படர்ந்தது. அன்று ராத்திரி நான்கு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

என் ஆதங்கம் வேறு. நான் இரண்டு ஆண்டு போன ஓவிய வகுப்பில் கிளியைப் பார்த்துக் கிளி வரையச் சொன்னார்கள். நன்றாகவே வரைவேன். ஆனால் அக்ரிலிக் காய்ந்தால் நிறம் ஒரு படி இருண்டுவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதன் பசை ஈரத்தில் பால் போல வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். கூட இருந்த வெளுப்பும் போய்விடும். இது தெரியாமல், பாதி முடித்த ஒரு சாம்பல் நீல வானத்துக்கு மறுநாள் அதே நிறம் கலந்து ஒட்டுப்போட்டேன். ஈரத்தில் அச்சாகப் பொருந்தியது. காய்ந்ததும் வானத்தில் ஒரு கிழிசலைத் தைத்த மாதிரி நின்றது. இப்போதெல்லாம் ஒரு காகிதத் துண்டில் தடவி, காயவிட்டுப் பார்க்காமல் கை வைப்பதில்லை. கழுவ மறந்து கட்டையாய்ப் போன மூன்று பிரஷ்களின் கதை தனி.

அந்த வாசகர் சொல்வதில் பாதி உண்மை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தற்செயலாக அழகாக வந்துவிட்டதை நானும் என் திறமை என்று தோழிகளிடம் காட்டியிருக்கிறேன். அதனால் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: இரண்டாம் தடவை அதையே வரவழைக்க முடியாவிட்டால் அது என்னுடையது இல்லை. முழ நீளக் கோடு என்னுடையது. சில நல்ல படங்கள் இன்னும் என்னுடையவை இல்லை.

உங்கள் மாணவர் பக்கத்தில் படத்தோடு பெயரும் வகுப்பும் மட்டும் போடுகிறீர்கள். எந்தப் பரப்பு, என்ன வண்ணம், எப்படிச் செய்தார் என்று இரண்டு வரி சேர்க்க முடியுமா? முடிந்தால், அதற்கு முன் கெட்டுப்போன ஒன்றையும் சின்னதாகப் பக்கத்தில் போடலாம். முதல் வாரத்துக்கு என்னிடம் கெட்டுப்போனவை பதினான்கு இருக்கின்றன. எதை அனுப்பட்டும்?

இப்படிக்கு,
பதினாறு வயது வாசகி