வெளிநாட்டில் இருக்கிற யாழ்ப்பாண வீட்டுக்காரருக்கு: வளவு மரங்களை யார் பார்ப்பது?

அன்பான அண்ணாமார், அக்காமாருக்கு,

கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருந்துகொண்டு நல்லூர், கொக்குவில், கோண்டாவில் பக்கம் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். அப்படியான ஒரு வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்திதான் இதை எழுதுகிறேன். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை, வளவுக்குள் நிற்கிற மரங்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது கறன்ட் பில், கிணற்று மோட்டார், எத்தனை ஃபான் என்று எல்லாம் எழுதுகிறோம். மரங்களுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. மிஞ்சிப் போனால் 'வளவைத் துப்பரவாக வைத்திருக்க வேண்டும்' என்று இருக்கும். சரி, இலை சருகு கூட்டுவது, கோடையில் தென்னங்கன்றுக்கும் வாழைக்கும் தண்ணீர் விடுவது, முருங்கையில் மயிர்க்கொட்டி வந்தால் பார்ப்பது எல்லாம் குடியிருக்கிற எங்களுடைய வேலைதான். விழுந்த குரும்பை, சிரட்டை, பாளைக்குள் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகினாலும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டு நுளம்புச் சட்டமும் உரிமையாளரை மட்டுமில்லை, குடியிருப்பவரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையில் வந்து நிற்கும்போது நீங்கள் ரொறன்ரோவில் நித்திரையாக இருப்பீர்கள்.

ஆனால் உச்சித் தென்னையில் தொங்குகிற காவோலையும், அயல் வீட்டு ஓட்டுக்கு மேல் சாய்ந்த மாங்கொப்பும், மின்கம்பியில் உரசுகிற வேம்பும் எப்படித் துப்பரவுக்குள் வரும்? மரம் ஏற ஆள் கிடைப்பதே இப்போது பெரும் பாடு, கிடைத்தாலும் கூலி சின்னக் காசு இல்லை. அதைவிட, காசு எங்களிடம் இருந்தாலும் தறிக்கிற உரிமை இல்லையே. பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது, காணி உறுதியில் பெயர் இல்லாத நாங்கள் எந்த முகத்தோடு போய் விண்ணப்பிப்பது? கேட்காமல் ஒரு கொப்பை வெட்டினால் 'அம்மா வைத்த மரம்' என்று நீங்கள் அழுவீர்கள், அந்த அழுகை எனக்கு விளங்குகிறது. வெட்டாமல் விட்டு அது அயலவரின் ஓட்டை உடைத்தால் அவர்கள் முகத்தில் முழிப்பது நாங்கள்.

நீங்களும் அங்கே வாடகைக்கு இருந்திருப்பீர்கள். புல் வெட்டுவது உங்கள் பாடு, பெரிய மரத்துக்கு ஆள் பிடிப்பது வீட்டுக்காரர் பாடு என்றுதானே பெரும்பாலும் இருந்திருக்கும்? இங்கே மட்டும் ஏன் வேறு கணக்கு?

அப்புறம் பலன். வருஷம் முழுக்கச் சருகு கூட்டுவது நாங்கள், கறுத்தக்கொழும்பான் பழுத்தவுடன் சாக்கோடு வருவது உங்கள் சொந்தக்காரர். மாம்பழத்துக்காகச் சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் பலன் எடுக்கிறவர்தானே தறிக்கிற செலவையும் ஏற்க வேண்டும்? 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோதே ஒருவரின் காணியில் இன்னொருவர் வைத்த மரத்தின் பலன் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நொத்தாரிசு முன்னால் இருந்து கையெழுத்து வைக்கிற எங்களால் நாலு வரி சேர்க்க முடியாதா?

தென்னையில் வெள்ளை ஈ வந்தபிறகு இது இன்னும் அவசரம். ஓலை கறுத்துப்போய்க் காய்ப்புக் குறையும்போது, கீழே நின்று தண்ணீர் அடித்தால் உச்சிக்கு எட்டாது, ஒரு வளவில் மட்டும் அடித்தும் பலனில்லை, அயலுக்கும் சேர்த்து யாராவது முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எங்கள் கையில் இல்லை.

ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். 2008இல் நிஷா புயல், 2020இல் புரெவி புயல், இரண்டும் கார்த்திகை, மார்கழிக் காலத்தில்தான் வந்தன, அப்போது வட்ஸ்அப்பில் 'மரம் பத்திரமா?' என்று கேட்டு என்ன செய்வது? உங்களில் பலர் நல்லூர்த் திருவிழாவுக்கு எப்படியும் வருகிறீர்கள். அந்த நேரம் ஒரு பின்னேரம் எங்களோடு வளவைச் சுற்றி வாருங்கள், எது நிற்கட்டும், எதைத் தறிக்கலாம் என்று மரத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வர முடியாதவர்கள், ஆள் பிடித்துத் தறித்த கூலியைப் பற்றுச்சீட்டோடு வாடகையில் கழிக்கலாம் என்று ஒரு கடிதம் அனுப்பினாலே போதும், ஆவணி முடிவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வீடுகளில் குடியிருக்கும் ஒருத்தி