பட்டோல் பாபு பேசிய ஒரே வசனம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சத்யஜித் ரேயின் சிறுகதைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரே என்றாலே ‘பதேர் பாஞ்சாலி’ படத்தில் ஆரம்பித்து ஆஸ்கரில் முடித்துவிடுவார்கள், அவருடைய கதைகளுக்கென்று இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையில் இரண்டு விஷயங்கள் எனக்கு ஒப்பவில்லை. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஃப்ரிட்ஸ்’ கதையின் முடிவைக் கட்டுரையாளர் இப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம். ராஜஸ்தானில் பூந்தி என்ற ஊரில், தேவதாரு மரத்தடியில், முப்பது வருஷத்துக்கு முன்னால் புதைத்த பொம்மையைத் தோண்டுகிறார்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாமே! அந்தக் கதை இருக்கும் புத்தகத்தை என் தங்கை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவன் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. உங்கள் பத்திரிகையைப் பீரோவுக்கு மேலே ஒளித்து வைக்க வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்றுதான் பெரியது. ரே சினிமாக்காரர், அதனால் கதைகளையும் படமாகவே யோசித்து எழுதினார், இவை எல்லாம் எடுக்கப்படாத படங்கள் என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பட்டோல் பாபு, ஃபிலிம் ஸ்டார்’ கதையைப் படித்த யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது அந்தக் கதை சிபிஎஸ்இ ஆங்கிலப் பாடத்தில் இருந்தது. ‘பட்டோல் பாபுவின் குணநலன்களை எழுதுக’ என்ற கேள்விக்கு நேர்மையானவர், கடின உழைப்பாளி என்று எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். என்னதான் கதை என்று வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது, குள்ளம், வழுக்கை. பார்த்துக்கொண்டிருந்த வேலை ஆள்குறைப்பில் போய்விட்டது, ஒரு காலத்தில் மேடை நாடகத்தில் நடித்த ஆசை மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சினிமாவில் ஒரு வேஷம் வருகிறது. போனால், தெருவில் நடந்து வந்து ஹீரோ மேல் மோதிக்கொள்ளும் ஆள். வசனம் ஒன்றே ஒன்று: ‘ஆஹ்’. அதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். மனுஷன் கூனிப்போகிறார். அப்புறம் எந்த வேஷமானாலும் சின்னது என்று நினைக்காதே என்று தன் பழைய குரு சொன்னது நினைவுக்கு வர, ஒரு சந்துக்குள் ஒதுங்கி அந்த ஒரு ‘ஆஹ்’ஐ விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறார். கிள்ளினால் ஒரு ஆஹ், சூடு பட்டால் ஒரு ஆஹ், வருத்தத்துக்கு வேறு, ஏளனத்துக்கு வேறு. என் மகளும் நானும் கூடத்தில் நின்று அன்றைக்கு ஏழெட்டு ஆஹ் சொல்லிப் பார்த்தோம். என்ன ஆச்சு என்று சமையலறையிலிருந்து கேள்வி வந்தது.

இப்போது பாருங்கள், அந்த ஷாட் திரையில் எவ்வளவு நேரம் வரும்? இரண்டு நொடி. ஒரு வழுக்கைத் தலை மோதும், போகும். அந்த மனிதர் அன்று காலை முழுக்கத் தனக்குள் என்ன செய்தார் என்பதை அங்கே இருந்த கேமரா பிடிக்கவே இல்லை, கதைதான் பிடித்தது. வேலை முடிந்ததும் பத்தோ பதினைந்தோ இருபதோ, வரவேண்டிய பணத்தைக்கூட வாங்காமல் அவர் போய்விடுகிறார். பணத்தோடு வந்த ஆள் விழிக்கிறார், ஏனென்றால் அவரும் கேமராவைப் போல வெளியிலிருந்துதான் பார்க்கிறார். தன் தொழிலுக்கு எட்டாத இடம் எது என்று தெரிந்த ஒரு டைரக்டர் எழுதிய கதை இது. இதைப் போய் எடுக்கப்படாத படம் என்றால் எப்படி?

‘பங்கு பாபுவின் நண்பன்’ கதையைப் பற்றிக் கட்டுரையில் இருந்ததெல்லாம் அதிலிருந்து ரே எழுதிய ‘தி ஏலியன்’ திரைக்கதையை ஒட்டித்தான் ஸ்பீல்பெர்க் ‘ஈ.டி.’ படத்தை எடுத்தாரா என்ற பஞ்சாயத்துதான். அதை எத்தனை முறை பேசுவது? மூங்கில் காட்டில் வந்து இறங்கும் வேற்றுக்கிரகவாசியை விட, தினமும் அரட்டை மடத்தில் எல்லோரும் கேலி செய்தும் வாயைத் திறக்காமல் திரும்பி வருகிற அந்தப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எனக்கு முக்கியம். அவர் கடைசியில் வாயைத் திறக்கும் இடத்துக்காகவே அதை நான்கைந்து முறை படித்திருக்கிறேன்.

கட்டுரையாளர் சொல்லாத ஒரு குறை உண்டு, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கதைகளில் பெண்கள் அநேகமாக இல்லை. பிரம்மச்சாரிகள், தனிக்கட்டைகள், ஒற்றை ஆளாக ரயிலேறிப் போகிறவர்கள். ஒரு பெண்ணின் தனிமையை ‘சாருலதா’ என்று படமாக எடுத்தவரா இவர் என்று தோன்றும். காரணம் தெரியாமல் இல்லை. தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையை 1961இல் ரே மறுபடி கொண்டுவந்தார், அதற்காகத்தான் இவ்வளவும் எழுத ஆரம்பித்தார், படித்தது பள்ளிப் பிள்ளைகள். சரி, ஆனாலும் இருபது கதை சேர்ந்தாற்போல் படித்தால் ஏதோ ஆண்கள் மேன்ஷனில் தங்கியிருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

பெரியவர்களுக்கென்று எழுதிய ‘பிக்கூவின் டைரி’ வேறு ரகம். பிழையும் கிழையுமாகச் சின்னப் பையன் எழுதும் டைரி, வீட்டில் அம்மாவுக்கும் இன்னொருவருக்கும் என்ன நடக்கிறது என்பது அவனுக்குப் புரிவதில்லை, படிக்கிற நமக்குப் புரிகிறது. இதை அவரே 1980இல் ‘பிக்கூ’ என்று குறும்படமாக எடுத்தார். நல்ல படம்தான். ஆனால் படத்தில் படுக்கையறையைக் காட்ட வேண்டியிருக்கிறது. பையனுடைய எழுத்துப் பிழைகளுக்குப் பின்னால் அது மறைந்து நின்றபோது இருந்த வலி அதில் இல்லை. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இன்னும் ஒன்று. வங்காளத்தில் இவை பன்னிரண்டு பன்னிரண்டாகத்தான் தொகுப்புகளாக வந்தன. 1970இல் வந்த முதல் புத்தகத்தின் பெயரே ‘ஒரு டஜன் கதை’, அடுத்தது ‘இன்னும் ஒரு டஜன்’. ஒரு தொகுப்புக்கு ‘ஒன்றின் முதுகில் இரண்டு’ என்று பெயர், எழுதிப் பார்த்தால் 12. இந்தக் குறும்பு, ‘தேர்ந்தெடுத்த கதைகள்’ என்று கெட்டி அட்டையில் வரும்போது காணாமல் போய்விடுகிறது. விளம்பரக் கம்பெனியில் ஓவியராக இருந்தவர், தன் கதைகளுக்குத் தானே படம் வரைந்தவர். நான் வாங்கிய ஆங்கிலப் பதிப்பில் அந்தப் படங்களில் ஒன்றுகூட இல்லை. உங்கள் கட்டுரையோடு வந்ததும் அவர் கேமரா பக்கத்தில் நிற்கும் அதே பழைய புகைப்படம்தான். அடுத்த முறை அவர் வரைந்ததில் ஒன்றையாவது போடுங்கள். ‘ஃப்ரிட்ஸ்’ கதைக்கு வரைந்தது மட்டும் வேண்டாம், பையன் இன்னும் படித்து முடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி